வயிற்றில் இரண்டு பிள்ளையா? கார்டில் எழுதியிருக்கிறதா?



கிளினிக்கில் தரும் எச் 512 கர்ப்பிணி அட்டை வெறும் கடதாசி அல்ல. ஸ்கேனில் இரட்டைப் பிள்ளை என்று தெரிந்தால் அது அட்டையில் இருக்க வேண்டும். நச்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதும் இருக்க வேண்டும். ஒரே கொடியென்றால் ஒரு பிள்ளைக்கு இரத்தம் கூடி மற்றதற்குக் குறையலாம். அதனால் அடிக்கடி ஸ்கேன் பார்ப்பார்கள். கொடிக் கணக்கு 14 வாரத்திற்கு முன் நன்றாகத் தெரியும். "கொழுந்து குறையட்டும், அப்புறம் போகலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும். நடுச்சாமத்தில் லயத்திலிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ ஓடும்போது, வலியில் துடிக்கிற அம்மா விபரம் சொல்ல முடியுமா? கார்டுதான் பேசும். அது எங்கே இருக்கிறதென்று புருஷனுக்கும் மாமிக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுக் குறியீடு உண்டு. ஐ.சி.டி. 10 முறையில் இரட்டைக் கர்ப்பத்துக்கு ஓ 30.0. டாக்டர் எழுதியதைப் பார்த்தே அதைப் போடுகிறார்கள். எழுதாதது கணக்கில் வராது.

பிறந்த பிறகு பிள்ளைக்கொரு வளர்ச்சிப் பதிவேடு, பிள்ளைக்கொரு பிறப்புச் சான்றிதழ். மூத்தது எது, பிறந்த நேரம், நிறை எல்லாம் சரியா என்று பாருங்கள். ஒரு பிள்ளையின் ஊசி மற்றப் பிள்ளையின் புத்தகத்தில் ஏறக் கூடாது.

வாசிக்கச் சிரமமா? கார்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாங்க. சேர்ந்து பார்ப்போம்.