பூச்சிக்கொல்லி முதல் இனப்படுகொலை வரை: ஒரு 'சைட்' குடும்பத்தின் கதை

கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'இன்செக்டிசைட்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். உரக்கடைக்குப் போனால் களைக்கு 'ஹெர்பிசைட்', பூஞ்சைக்கு 'ஃபங்கிசைட்'. செய்திகளைத் திறந்தால் 'ஹோமிசைட்', 'ஜெனோசைட்'. எல்லாவற்றின் வாலிலும் ஒரே 'சைட்'. இது காலேஜ் பசங்க அடிக்கிற 'சைட்' இல்லை. கொஞ்சம் பயங்கரமான ஆசாமி!

இந்த வால் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. வெட்டுவது, கொல்வது என்ற பொருள் கொண்ட ஒரு வினைச்சொல்தான் இதன் வேர். கத்தரிக்கோலைக் குறிக்கும் 'சிஸர்ஸ்', முன்பல்லைக் குறிக்கும் 'இன்சைஸர்' எல்லாம் இதே வேரில் முளைத்தவை. முடிவெடுப்பதைச் சொல்லும் 'டிசைட்'கூட இதன் சொந்தக்காரர்தான். 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்று நாமும் சொல்கிறோமே, அதே எண்ணம்தான்.

லத்தீனில் கொல்பவருக்கு ஒரு வால், கொலைக்கு ஒரு வால் என்று தனித்தனியாக இருந்தன. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரண்டும் 'சைட்' ஆகிவிட்டன. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. கொல்லும் மருந்து 'கொல்லி', கொல்லும் செயல் 'கொலை'. பூச்சிக்கொல்லி வேறு, இனப்படுகொலை வேறு.

உறவுக்கு ஒரு சொல்

யாரைக் கொன்றார்கள் என்பதற்கு ஏற்பச் சொல்லின் தலை மாறும். அப்பாவைக் கொன்றால் 'பேட்ரிசைட்', அம்மாவை என்றால் 'மேட்ரிசைட்'. சகோதரனுக்கு 'ஃப்ராட்ரிசைட்', சகோதரிக்கு 'சொரோரிசைட்', மனைவிக்கு 'அக்ஸோரிசைட்', கணவனுக்கு 'மேரிட்டிசைட்'. போர்க்களத்தில் தவறுதலாகத் தன் பக்கத்து வீரரையே சுட்டுவிடுவதையும் அமெரிக்க ராணுவத்தில் 'ஃப்ராட்ரிசைட்' என்கிறார்கள்.

ராஜாவைக் கொன்றால் 'ரெஜிசைட்'. 1649-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்ட உத்தரவிட்ட ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். 1660-ல் அவருடைய மகன் அரியணை ஏறியதும் 'ரெஜிசைட்' என்ற பெயரோடு அவர்கள் தேடப்பட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஆலிவர் கிராம்வெல் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். ஆனாலும் விடவில்லை. 1661-ல் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

பெயர் இல்லாத குற்றம்

ஒரு ராஜாவைக் கொல்வதற்குச் சொல் இருந்தது. ஓர் இனத்தையே அழிப்பதற்கு 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. நாஜிப் படைகளின் கொடுமைகளைப் பற்றி 1941 ஆகஸ்டில் வானொலியில் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், அதைப் பெயரில்லாத குற்றம் என்றே குறிப்பிட்டார்.

பெயர் வைத்தவர் ரஃபேல் லெம்கின். போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர். நாஜிகளிடமிருந்து தப்பி, ஸ்வீடன் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். இனம் என்ற பொருள் தரும் 'ஜெனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு லத்தீன் வாலை ஒட்டி, 1944-ல் வெளியான தன் புத்தகத்தில் 'ஜெனோசைட்' என்று எழுதினார். அவருடைய பெற்றோர் உட்பட உறவினர்கள் 49 பேர் அந்த அழிப்பில் மாண்டு போனார்கள்.

சொல்லைத் தந்ததோடு அவர் ஓயவில்லை. நாடு நாடாகப் பிரதிநிதிகளைத் துரத்தித் துரத்திப் பேசினார். 1948 டிசம்பர் 9-ம் தேதி, இனப்படுகொலையைத் தடுக்கவும் தண்டிக்கவுமான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. நான்கு வருடங்களுக்கு முன்பு அகராதியிலேயே இல்லாத சொல், சர்வதேசச் சட்டமானது.

காட்டுக்கும் ஒரு சொல்

ஆர்தர் கால்ஸ்டன் அமெரிக்கத் தாவரவியலாளர். சோயா செடியைச் சீக்கிரம் பூக்கவைக்கும் ஒரு வேதிப்பொருளை மாணவராக இருந்தபோது ஆராய்ந்தார். அளவு கூடினால் இலைகள் உதிர்வதையும் கவனித்து எழுதி வைத்தார். இலைகளை உதிர்க்கும் வழிகளைத் தேடிய ராணுவ ஆய்வாளர்களுக்கு அது உதவியது. பின்னர், வியட்நாம் காடுகள் மீது 'ஏஜென்ட் ஆரஞ்சு' உள்ளிட்ட களைக்கொல்லிகளை அமெரிக்க விமானங்கள் கொட்டின.

தன் ஆராய்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அறிந்த கால்ஸ்டன், சும்மா இருக்கவில்லை. மற்ற விஞ்ஞானிகளோடு சேர்ந்து எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1970-ல் இந்தச் சூழல் அழிப்புக்கு 'ஈகோசைட்' என்று பெயர் சூட்டினார். 1971-ல் தெளிப்பு நின்றது.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இன்று விசாரிக்கும் குற்றங்கள் நான்கு: இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்பு. 'ஈகோசைட்'டை ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என்று வனுவாட்டு, ஃபிஜி, சமோவா ஆகிய மூன்று தீவு நாடுகள் 2024-ல் முறைப்படி கோரியிருக்கின்றன. கடல் மட்டம் உயர உயரத் தங்கள் நிலத்தை இழந்துகொண்டிருக்கும் நாடுகள் அவை.