கடலில் இறக்கும் பழைய பஸ்கள் முருகைக்கற்பாறைகளுக்கு ஈடாகுமா?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் பிரித்தானியாவின் ஹேர்மஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கியது. 300இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அதற்கு வடக்கே மூழ்கடிக்கப்பட்டது. உயிர்களைப் பறித்த அந்த இரும்புச் சிதைவுகளில் இன்று கடலுயிர்கள் குடியிருக்கின்றன. கலவாயும் பாரையும் அவற்றைச் சுற்றி உலவுகின்றன.

இது எவ்வாறு நிகழ்கிறது? கடலில் விழும் எந்தப் பொருளின் மீதும் சில நாட்களுக்குள் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான மெல்லிய படலமாகப் படர்கின்றன. அடுத்து பாசிகளும், வள்ளங்களின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, சிப்பி போன்றவையும் வருகின்றன. நீரில் மிதந்து திரியும் முருகைக்கல் குஞ்சுகளுக்கும் பற்றிக்கொள்ள உறுதியான தளம் தேவை. சுண்ணாம்புப் பாசி படர்ந்த இடங்களை அவை அதிகம் நாடுகின்றன. இரை கிடைப்பதாலும் ஒளிந்துகொள்ள இடுக்குகள் இருப்பதாலும் மீன்கள் வந்து சேர்கின்றன.

இந்த எதிர்பார்ப்பில்தான் எமது நாட்டிலும் பாவனையிலிருந்து நீக்கப்பட்ட பஸ்கள் கடலில் இறக்கப்பட்டன. 2021இல் வடகடலில் அவ்வாறு செய்யப்பட்டபோது தமிழக மீனவர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் நோக்கம் மட்டும் கடலுக்குப் போதாது என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா சாட்சி. அங்கு 1970களில் மீன் பெருகும் என நம்பி சுமார் 20 இலட்சம் பழைய டயர்கள் கடலில் போடப்பட்டன. அவற்றைப் பிணைத்திருந்த கட்டுகள் அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டு, அருகிலிருந்த இயற்கையான பாறைகளையே சேதப்படுத்தின. பின்னர் இராணுவச் சுழியோடிகளைக் கொண்டு அவற்றை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கனமான கப்பல் அசையாது. டயர் அசையும், அசையும் தளத்தில் முருகைக்கல் வளராது. பஸ்ஸின் மெல்லிய தகடு கப்பலின் தடித்த இரும்பைப் போல் நெடுங்காலம் தாங்காது. அது துருப்பிடித்து உதிரும்போது அதில் குடியேறிய உயிர்களும் வீழ்ந்துவிடும். எண்ணெய், பெயின்ட், பிளாஸ்டிக் என்பவற்றை முழுமையாக அகற்றாவிட்டால் நாம் இறக்குவது மீனுக்கு வீடல்ல, குப்பை.

இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கு காணப்படும் மீன்கள் புதிதாகப் பெருகியவையா, வேறு இடங்களிலிருந்து வந்து கூடியவையா? வந்து கூடியவை என்றால், அவற்றைப் பிடித்துத் தீர்ப்பதை நாமே இலகுவாக்கிக் கொடுக்கிறோம். டைனமைட் வெடிப்பவருக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆகவே அவ்விடங்களில் மீன்பிடிக்குக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் அவசியம்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவான முருகைக்கற்பாறைக்கு இரும்பு ஈடாகாது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது எமது முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறின. எந்த பஸ்ஸாலும் கடலைக் குளிர்விக்க முடியாது.

கிழக்கில் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் எமது சமூகத்திலும் ஏராளம். எதை, எங்கே இறக்குவது என்று தீர்மானிக்கும் முன் அதிகாரிகள் அவர்களிடம் கேட்க வேண்டும். நாமும் ஒன்றைக் கேட்க வேண்டும்: புதிய வீடு கட்டிக் கொடுக்கும் அதே வேகத்தில், இருக்கின்ற வீட்டைப் பாதுகாக்கிறார்களா?