ஸ்கேன் தகட்டைக் கேட்டு வாங்குங்கள்

நுரையீரல் அறுவை சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் பலவற்றின் கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே நாலாக மடித்த ஃபிலிம், ஸ்டேப்ளர் அடித்த ரிப்போர்ட். ஸ்கேன் பதிவான தகடு எங்கே என்றால், "அது வீட்டில இருக்கு" என்கிறார்கள். சிலர் வாங்கவே இல்லை. அறுவை மருத்துவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தகடுதான்.

நுரையீரல் தமனி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளை பிரிவதில்லை. இடது மேல்மடலுக்கு ஒருவருக்கு மூன்று கிளை போகும், இன்னொருவருக்கு ஐந்தாறு. மடல்களுக்கு நடுவிலுள்ள பிளவில் கிளம்பவேண்டிய லிங்குலா (இடது மேல்மடலின் கீழ்ப்பகுதி) கிளை, சிலருக்கு மூச்சுக்குழாயின் முன்புறமாக வந்துவிடுகிறது. இந்தத் தமனியின் சுவர் மெல்லியது. எதிர்பாராத கிளையில் கருவி பட்டால், சிறு துளை வழியே தொடங்கிய அறுவை, அவசரமாக நெஞ்சைத் திறப்பதில் முடியலாம்.

2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வுக்குப் பின், நுரையீரலின் ஓரத்தில் 2 செ.மீ.க்குள் இருக்கும் புற்றுக்கு முழு மடலை எடுக்காமல் ஒரு துண்டத்தை மட்டும் எடுப்பது பெருகியிருக்கிறது. எடுக்கும் பகுதி சிறுக்கச் சிறுக்க, தமனியின் வரைபடம் துல்லியமாக வேண்டும். காண்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, 1 மி.மீ. அளவுக்கு மெல்லிதாக எடுத்த படங்களிலிருந்துதான் கணினியில் அந்த முப்பரிமாண வரைபடம் பிறக்கும். ஃபிலிமை வைத்து அதைச் செய்யவே முடியாது.

ஸ்கேன் மையத்தில் "சிடி கொடுங்க" என்று மட்டும் சொன்னால் குழப்பம்தான். ஸ்கேனுக்கும் அதே பெயர், தகட்டுக்கும் அதே பெயர். "மெல்லிய ஸ்லைஸ் படங்கள் முழுதும் டைகாம் வடிவில் வேண்டும்" என்று கேட்க வேண்டும். டைகாம் என்பது கணினியில் திறக்கும் மருத்துவப் பட வடிவம். ஸ்கேன் எடுத்த அன்றே கேட்க வேண்டும். மெல்லிய படங்களைச் சேமித்து வைக்காமல் அழித்துவிடும் மையங்கள் உண்டு. வாங்கியதும் திறந்து பெயர், வயது, தேதி சரிபாருங்கள்.

மருத்துவமனை தர மறுத்தால் கவுண்டரில் சண்டை வேண்டாம். நோயாளி பெயர், ஐ.பி. எண், ஸ்கேன் தேதி எழுதி, மருத்துவக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. "கொடுக்கிற வழக்கமில்லை" என்ற பதில் அந்த விதியை ரத்து செய்துவிடாது. அதன்பிறகும் இழுத்தடித்தால், முத்திரையிட்ட நகலோடு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அரசு மருத்துவமனையானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடலாம். முத்திரை இல்லாத மனுவுக்கு ஆதாரமில்லை, மறக்கவே கூடாது.

தகட்டை அறுவைக்கு முந்தைய இரவு நீட்டிப் பயனில்லை. வரைபடம் தயாரிக்க நேரம் பிடிக்கும். சிலருக்கு ஸ்கேனையே மறுபடி எடுக்க வேண்டிவரும், அதற்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை வேறு இருக்கிறது. அறுவைத் தேதி குறிக்கும் அன்றே தகடு மருத்துவர் கையில் இருக்கட்டும்.