ஒரு சபதத்தின் விலை

சிறுசேரியிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியே தெற்கே செல்லும் குடும்பத்தினர், ஐந்து இரதங்களின் முன் நின்று பிள்ளைகளுக்கு மாமல்லனின் கதையைச் சொல்வதுண்டு. அக்கதையில் பெரும்பகுதி கல்வெட்டில் கண்டதன்று, கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களின் எழுதுகோல் தந்தது. 1944 முதல் 1946 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' நாவலை வளரிளம் பருவத்தினர் இன்றும் விரும்பிப் படிக்கின்றனர். இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், எவ்வாறு படிப்பது என்பதையும் அவர்களுக்குக் கற்பித்தல் நம் கடமையன்றோ?

முதலாவது, வரலாறு எது, கற்பனை எது என்று பிரித்தறிதல் வேண்டும். மகேந்திரவர்மரும் நரசிம்மவர்மரும் புலிகேசியும் வாழ்ந்த மன்னர்கள். கி.பி. 642 அளவில் வாதாபி பல்லவரிடம் வீழ்ந்ததும் வரலாறே. சிற்பி ஆயனரும், அவர் மகள் சிவகாமியும், புலிகேசியின் உருவத்தையே கொண்ட நாகநந்தி அடிகளும் ஆசிரியரின் படைப்புகள். கடற்கரைக் கோயிலோ மாமல்லனுக்குப் பிற்பட்ட இராஜசிம்மன் காலத்தது.

இரண்டாவது, பாத்திரங்களின் குணத்தை எடைபோடுதல் வேண்டும். சாளுக்கியரால் சிறைகொண்டு செல்லப்பட்ட சிவகாமி, மாமல்லன் வாதாபியை எரித்துத் தன்னை மீட்கும்வரை அந்நகரைவிட்டு நீங்குவதில்லை எனச் சபதம் செய்கிறாள். மாமல்லன் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் அவள் உடன்செல்ல மறுக்கிறாள். ஆண்டுகள் பல கழிந்து சபதம் நிறைவேறுகிறது, நகரம் எரிகிறது. காஞ்சிக்குத் திரும்பியவளோ, மாமல்லன் வேறொருத்தியின் கணவனாகவும் குழந்தைகளின் தந்தையாகவும் இருப்பதைக் காண்கிறாள்.

அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை மெய். அவளுடைய சினம் நியாயமானது. எனினும் அச்சினத்தின் விலையைப் பகைவர் மட்டுமா கொடுத்தனர்? ஊரார் கொடுத்தனர், படைவீரர் கொடுத்தனர், அவளும் தன் வாழ்வையே கொடுத்தாள். அதே போரை வென்ற தளபதி பரஞ்சோதியோ வாளைத் துறந்து சிறுத்தொண்டராகிறார். வெற்றி பெற்றவனே ஆயுதத்தைக் கீழே வைக்கும் அந்தக் காட்சியில் நாவலின் உட்பொருள் விளங்குகிறது.

பதினைந்து வயதில் சினம் எளிதில் சபதமாகிவிடும். நண்பனோடு பேசமாட்டேன், உறவினர் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்ற சொற்கள் நம் இல்லங்களிலும் எழுகின்றன. சில வேளைகளில் பெரியோரிடமிருந்தே பிள்ளைகள் அவற்றைக் கற்கின்றனர்! மன்னிக்கும்படி வாயால் போதிப்பதைவிட, ஒரு மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து, "அன்று சிவகாமி மாமல்லனோடு புறப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் கூறும் மறுமொழியைப் பொறுமையோடு கேளுங்கள். நாமும் நம்முடைய பழைய சபதங்களை அப்பொழுது எண்ணிப் பார்ப்போமாக.