பாதம் தொங்கினால் இடுப்போடு நிறுத்தாதீர்கள்

நடக்கையில் செருப்பு கழன்று போகிறது, படியேறினால் கால்விரல் இடிக்கிறது. குதிகாலை மட்டும் ஊன்றி நாலடி வைக்க முடியவில்லை. பெரும்பாலும் இடுப்பில் ஜவ்வு விலகியிருக்கும். அல்லது நெடுநேரம் சம்மணமிட்டதில் முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கும். அதனால் இடுப்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எழுதித் தருகிறார்கள்.

சிக்கல் அங்கேதான். தண்டுவடம் இடுப்பின் முதல் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. மார்புக்கு நேரே அதில் கோளாறு வந்தாலும் துவளுவது பாதம்தான். 50 வயதுக்கு மேல் இடுப்பைப் படமெடுத்தால் பலருக்கும் ஏதாவது ஒரு ஜவ்வு பிதுங்கியிருக்கும். பழி அதன்மேல் விழுந்துவிடும்.

அப்படி அதிகம் தவறவிடப்படுவது, தண்டுவட உறையில் தமனி நேராகச் சிரையோடு இணைந்துவிடும் கோளாறு. சிரைகளில் அழுத்தம் ஏறித் தண்டுவடம் வீங்குகிறது. பெரும்பாலும் 50 தாண்டிய ஆண்களுக்கு வரும். நடந்தால் கால் தளரும், உட்கார்ந்தால் தேறும். போகப்போகச் சிறுநீரும் சிக்கலாகும். ஜவ்வு என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் சிலருக்குச் சட்டென்று மோசமாகும். மார்புப் பகுதி எம்.ஆர்.ஐ.யில் வீக்கமும் புழுப்போல் நெளியும் ரத்தக்குழாய்களும் தெரியும். ஆஞ்சியோகிராம் செய்து உறுதிப்படுத்தி, அறுவையிலோ குழாய்வழிப் பசை செலுத்தியோ அடைக்கலாம். தாமதிக்கத் தாமதிக்க, இழந்த பலம் திரும்புவது கடினம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் திடீர் முதுகுவலியோடு கால் விழுந்தால் முதுகெலும்புக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் சீழ். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயையும் மறக்கக் கூடாது.

சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சில மணி நேரத்துக்குள் கால் பலமிழந்தாலோ அன்றே 108-ஐ அழையுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போகும் நேரமல்ல அது. அரசு மருத்துவரானாலும் தனியாரானாலும் அவசர சிகிச்சை தருவது கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இடுப்புப் படமும் உங்கள் தொந்தரவும் ஒத்துப்போகவில்லை என்றால், முழு முதுகெலும்பையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள். கட்டணம் செலுத்திய சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆனால் வழக்குக்கு முன்னால் அந்தப் படங்களோடு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். காலுக்கு உதவுவது அதுதான்.