நோட்டீஸும் ஃபிளெக்ஸும்

வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா சாட்டிவிட்டால், முன்பெல்லாம் அடுத்த வாரமே நாடக நோட்டீஸ் வந்துவிடும். ரோஸ் தாளில் ‘வள்ளி திருமணம்’ என்று கொட்டை எழுத்து. கீழே வட்ட வட்டமாகப் படங்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், ஆர்மோனியம். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அவரவர் ஊர். டீக்கடைச் சுவரில் அதைப் பார்த்ததும் பெரியவர்கள் கேட்பது, “நாரதர் யாருப்பா?” என்றுதான். வள்ளியோடு தர்க்கம் செய்யப்போகிறவர் அவரல்லவா? பாட்டுக்குப் பாட்டு, விடிய விடிய நடக்கும். புகையிலைக் காட்டு வேலை முடித்து வந்தவர்கள் பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். பாட்டு மனசுக்குப் பிடித்துவிட்டால் மேடையேறி, பாடுகிறவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். குத்தியவர் பெயரை மைக்கில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டின் முதல் பெரிய பாட்டு நட்சத்திரங்கள் இந்த நாடக மேடையில் பிறந்தவர்கள். கரூரைத் தாண்டினால் கொடுமுடி, கே.பி.சுந்தராம்பாளின் ஊர். சிறுமியாக ரயிலில் பாடியவர். பிறகு எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்து பாடி மேடையை ஆண்டார். 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய்!  

எல்லாருக்கும் அப்படி வாய்த்துவிடவில்லை. மதுரைக்குப் பக்கத்துப் பரவை முனியம்மா காலமெல்லாம் மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியவர். 2003-இல் ‘தூள்’ படம் வந்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. அதற்குள் அவர் பாட்டியாகிவிட்டார். கடைசிக் காலத்தில் நோயும் பணமுடையும். 2015-இல் அரசு கைகொடுத்தது, 2020-இல் காலமானார். அந்தக் குரலுக்கு முப்பது வயதில் கிடைத்திருக்க வேண்டிய பேர் அது. நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

அதனாலேயே 2018 எனக்கு முக்கியமான வருஷம். விஜய் டிவியின் சூப்பர் சிங்கரில் செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே போட்டியில் பாடியவர். சினிமாப் பாட்டு மேடையில் நாட்டுப்புறப் பாட்டை வைத்தே இருவரும் நின்றார்கள். செல்ல தங்கையா எழுதி இவர்கள் பாடிய ‘சின்ன மச்சான்’ 2019-இல் ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் வந்து பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 2021-இல் ‘புஷ்பா’ படத்தின் தமிழ்ப் பாட்டு ஒன்றுக்கும் ராஜலட்சுமி குரல் கொடுத்தார்.

இப்போது நூல் மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேனில் பாட்டு போனிலிருந்து வருகிறது. பாடுகிறவர் முகமும் கூடவே வருகிறது. திருவிழா ஃபிளெக்ஸில் அம்மனுக்கு அடுத்த பெரிய படம் பாடகர் படம்தான், மேலே ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்ற பட்டத்தோடு. இளம் வயதிலேயே பேரும் வருமானமும் வருகிறதே, அதில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் நாலு நிமிஷப் பாட்டுக்குள் தர்க்கம் பண்ண முடியாது. எதிராளி எடுத்த அடியைக் கேட்டு, அங்கேயே பதில் கட்டிப் பாடுகிற கைவரிசைக்கு ஒரு முழு ராத்திரி வேண்டும்.

முதல் நாள் ராத்திரி பாட்டுக் கச்சேரி, மறு ராத்திரி நாடகம் என்று இரண்டுக்கும் சேர்த்து வரி வசூலிக்கும் கமிட்டிகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் ரசீது புத்தகத்தோடு வந்தால் நான் பேரம் பேசுவதில்லை.