புது ஆறு வந்துவிட்டது. தூர் வாருவது யார்?

கடந்த கோடையில் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். சி.என். கோபுரம், நயாகரா எல்லாம் காட்டி முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை டொன் ஆற்றின் புது முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2025 ஜூலையில் திறந்த பீடாசிகே பூங்கா. புல், நாணல், வெள்ளைப் பாலங்கள், நடுவில் வளைந்து வளைந்து போகிற ஆறு. பிள்ளைகள் சிலர் கனூ வலித்துக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா வளைஞ்சு ஓடுற ஆத்தில மண் இருக்குமே. இதை யார் தூர் வாருறது?"

பக்கத்தில் நின்ற என் மகள், "அப்பா, தூர் எண்டா என்ன?" என்றாள். அவளுக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை. வீடு வந்து யோசித்தபோது, சித்தப்பாவின் கேள்வி இந்த நகரத்தில் வாழ்கிற நாம் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று பட்டது.

டொன் ஆறு ஏறத்தாழ 38 கிலோமீற்றர் நீளம். ஓக் ரிட்ஜஸ் மேட்டில் பிறந்து, ரிச்மண்ட் ஹில், தோர்ன்ஹில், நோர்த் யோர்க் வழியாக வந்து ஒன்ராறியோ ஏரியில் சேர்கிறது. ஸ்காபரோவின் மேற்குப் பக்கத்தில் பெய்கிற மழையும் டெய்லர்-மாசி ஓடை வழியாக இதற்குள்தான் வருகிறது. ஒரு காலத்தில் இந்த ஆறு ஆஷ்பிரிட்ஜஸ் குடா என்ற பெரிய சதுப்பு நிலத்தில் மெதுவாகப் பரவி, தன் மண்ணை அங்கே இறக்கிவிட்டுத்தான் ஏரிக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சதுப்பைத் துறைமுகத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் நிரப்பினார்கள். ஆற்றை நேராக்கி, கடைசியில் கிட்டத்தட்ட செங்கோணமாகத் திருப்பி, கீற்றிங் கால்வாய்க்குள் விட்டார்கள்.

வேகமாக வருகிற தண்ணீர் திடீரென்று திரும்பினால் என்ன நடக்கும்? வேகம் குறையும், சுமந்து வந்த மண் அந்த இடத்திலேயே விழும். வாய்க்கால் கட்டித் தோட்டம் இறைத்த எவருக்கும் இது தெரியும். அதனால் கீற்றிங் கால்வாய் கட்டின நாளிலிருந்தே அதைத் தோண்டிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. மிதவையில் பாரந்தூக்கியை நிறுத்தி, இரண்டாகப் பிளந்து திறக்கும் வாளியால் அடிச் சேற்றை அள்ளி, வேறொரு படகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். ஆண்டுக்குப் பல பத்தாயிரம் கன மீற்றர் மண்.

1970களில் இந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். அள்ளுகிற சேறு மாசுபட்டது, அதை எங்கே கொட்டுவது என்ற பிரச்சினை. சில வருடங்களிலேயே கால்வாய் மண்ணால் நிறைந்தது. படகு போகாதது ஒரு பக்கம். ஆற்றின் வாயே அடைபட்டதால் வெள்ளம் வந்தால் தண்ணீர் போக வழியில்லை என்ற பயம் மறுபக்கம். பிறகு 1980களில் திரும்பவும் தோண்டத் தொடங்கினார்கள். அள்ளிய சேற்றை லெஸ்லி வீதி முனையில், இன்றைக்கு டொமி தொம்சன் பூங்கா என்று நாங்கள் சைக்கிள் ஓடப் போகிற இடத்தில், கரை கட்டிய தொட்டிகளுக்குள் கொட்டினார்கள். நிறைந்த தொட்டிகளைக் களிமண்ணால் மூடிச் சதுப்பு நிலமாக்கியிருக்கிறார்கள். அந்தப் பூங்காவில் 300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் சித்தப்பாவுக்கு நம்ப முடியாமல் போனது. "குளத்து வண்டலைப் பூட்டி வைக்கிறாங்களோ?" என்றார்.

ஊரில் குளம் வற்றினால் வண்டலை அள்ளி வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். அது பசளை. தமிழ்நாட்டிலும் 2017இல் குடிமராமத்துத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஏரி வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ரொறன்ரோவில் அப்படிச் செய்ய முடியாது. டொன் ஆற்றின் சேற்றில் வீதி எண்ணெய் இருக்கிறது, உலோகங்கள் இருக்கின்றன, பெருமழை நேரத்தில் பழைய நகரத்துக் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழிந்த அழுக்கும் இருக்கிறது. 1969இல் மாணவர்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து இந்த ஆற்றுக்குச் சவ ஊர்வலமே நடத்தினார்கள். அந்த நாளோடு ஒப்பிட்டால் இன்று ஆறு எவ்வளவோ தேறிவிட்டது. இருந்தாலும் அதன் வண்டலை ஒரு கத்தரிக்கன்றுக்குப் போட முடியாது.

சரி, இப்போது புது ஆறு. 2017இல் மூன்று அரசுகளும் சேர்ந்து 125 கோடி டொலர் ஒதுக்கித் தொடங்கிய வேலை, பிறகு செலவு இன்னும் கூடியது. ஆற்றுக்குப் புது முகத்துவாரம் வெட்டி, நடுவில் ஊக்வெமின் மினிசிங் என்ற தீவை உண்டாக்கி, ஏறத்தாழ 240 ஹெக்டேயர் நிலத்தை வெள்ளத்திலிருந்து காத்திருக்கிறார்கள். இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. மேலேயிருந்து வருகிற வண்டலையும் மரக்கிளைகளையும் பிடித்து அகற்றுவதற்கென்று லேக் ஷோர் வீதிக்கு வடக்கே தனி இடமும் அமைத்திருக்கிறார்கள். அதாவது, புது ஆறு வந்ததால் தூர் வாரும் வேலை முடிந்துவிடவில்லை. ஆறு உள்ளவரைக்கும் அது செய்யவேண்டிய வேலை.

என் கவலை அதில்தான் இருக்கிறது. பூங்கா திறக்கும்போது மூன்று அரசுத் தலைவர்களும் வந்து நின்று படம் எடுப்பார்கள். வாளி நிறையச் சேறு அள்ளுகிற அன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வரவுசெலவுத் திட்டத்தில் எதையாவது வெட்டவேண்டி வந்தால், கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைதான் முதலில் வெட்டுப்படும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் எதுவும் தெரியாது. ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் கனூ தரைதட்டும். பத்து வருடம் தள்ளிப்போட்டால் வெள்ளம் வீதிக்கு வரும். 2025 இலையுதிர் காலத்தில் மாகாண அரசு, 36 நீர்ப்படுகைப் பாதுகாப்பு ஆணையங்களை ஒரு சிலவாக ஒன்றிணைக்கும் யோசனையை முன்வைத்தது. 81 பேரைக் கொன்ற 1954 ஹேசல் சூறாவளிக்குப் பிறகு, அந்தப் பாடத்திலிருந்து 1957இல் உருவானதுதான் ரொறன்ரோவின் ஆணையம். எந்தப் பெயரில் எந்த அலுவலகம் இருந்தாலும் சரி, தூர் வாரும் காசு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று நாம் கேட்கவேண்டும்.

வெள்ளம் என்பது பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2013 ஜூலை 8ஆம் திகதி டொன் பள்ளத்தாக்கில் ஒரு கோ ரயில் தண்ணீருக்குள் நின்றது. ஏறத்தாழ 1,400 பயணிகளைப் பொலிஸார் ரப்பர் படகில் ஏற்றி இறக்கினார்கள். 2024 ஜூலை 16ஆம் திகதி டொன் வலி பார்க்வேயில் கார்கள் மிதந்தன. அன்றைக்குப் பேஸ்மன்டில் தண்ணீர் வந்த தமிழ் வீடுகள் எத்தனை என்று உங்கள் சொந்தக்காரரைக் கேட்டாலே தெரியும்.

இனி, கசப்பான ஒரு விஷயம். ஆற்றில் விழுகிற மண் எங்கிருந்து வருகிறது? கட்டட வேலைத்தளங்களிலிருந்து, குளிர்காலத்தில் வீதிக்குப் போடுகிற மணலிலிருந்து, அதைவிட ஓடைக் கரைகள் அரிபடுவதிலிருந்து. கரை ஏன் அரிபடுகிறது? மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் ஒரேயடியாக ஓடைக்குள் பாய்வதால். அது ஏன் இறங்குவதில்லை? நாங்கள் நிலத்தை மூடிவிட்டோம். நான்கு கார் நிறுத்துவதற்காக முன்வளவுப் புல்லை எடுத்துவிட்டு டிரைவ்வேயை அகலமாக்கிய வீடு எங்கள் தெருவில் பல. அதில் ஒன்று என்னுடையது. ஊரில் வளவு முழுக்கச் சீமெந்து போட்ட ஒருவரைக் கண்டால் "கிணத்துக்குத் தண்ணி எங்கால வரும்?" என்று அப்பு ஏசுவார். இங்கே கிணறு இல்லாததால் எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

மார்க்கம், மிசிசாகா, பிரம்டன் நகரங்களில் மழைநீர்க் கட்டணம் ஏற்கனவே இருக்கிறது. 2024இல் ரொறன்ரோ அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் "மழைக்கு வரியா?" என்று எல்லோரும் சிரித்தோம். நகரசபை அந்தக் கலந்தாலோசனையை நிறுத்திவைத்தது. நானும் அந்த வட்ஸ்அப் பகிடியைப் பத்துப் பேருக்கு அனுப்பினவன்தான். இப்போது நினைத்தால் பகிடி என் மேல்தான். கட்டணம் நியாயமாக இருக்கவேண்டும், வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை வேண்டும். ஆனால் அதிகம் மூடியவர் அதிகம் கட்டவேண்டும் என்பதில் என்ன பிழை? இல்லாவிட்டால் அந்தச் சேற்றை அள்ளும் செலவை, ஒரு காரும் இல்லாமல் அப்பார்ட்மென்டில் இருக்கிறவரும் சேர்ந்து கட்டுகிறார்.

இந்த வருடம் இரண்டு வேலை செய்யப்போகிறேன். டிரைவ்வேயின் ஒரு பக்கத்தை உடைத்துத் திரும்பவும் மண்ணாக்கி, கூரைத் தண்ணீரை அதற்குள் விடப்போகிறேன். மற்றது, எங்கள் வட்டார நகரசபை உறுப்பினருக்கு ஒரு கேள்வி எழுதப்போகிறேன்: டொன் ஆற்றுத் தூர் வாரலுக்கு அடுத்த பத்து வருடத்துக்குக் காசு ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு வரிக் கடிதம். நீங்களும் எழுதலாம். மகள்தான் ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். 'தூர்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று நேற்றுக் கேட்டாள். இருவரும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.